கையெழுத்திடாதவர்களிடம் ஆயுதம் கேட்ட படை: இந்திய அமைதிப்படை, 1987–1990

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனாவும் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டிய ஈழத் தமிழ் இயக்கங்களின் கையெழுத்து அதில் இல்லை. மறுநாளே இந்தியப் படை யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கத் தொடங்கியது. பத்து வாரத்தில் அந்தப் படை, யாரைக் காக்க வந்ததாகச் சொன்னதோ அந்த மக்களின் ஊர்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டிருந்தது. 32 மாதங்கள் கழித்து, 1990 மார்ச் 24 அன்று கடைசிச் சிப்பாய் திருகோணமலையில் கப்பல் ஏறியபோது, இந்தியா 1,100-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. ஈழத் தமிழர் தரப்பில் செத்தவர்களுக்கு இன்றுவரை ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கே கிடையாது.

அமைதிப்படையின் தோல்வியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்திலிருந்து எழுதத் தொடங்குவது வழக்கம். அந்த இரவை நாமும் பின்னால் பார்ப்போம். ஆனால் அங்கே வெடித்தது ஜூலையிலேயே பற்றவைக்கப்பட்டது. அந்தப் படைக்குக் கொடுக்கப்பட்ட வேலையை எந்தப் படையாலும் செய்து முடித்திருக்க முடியாது என்பதே இந்த ஆய்வின் வாதம்.

படை வருவதற்கு முன்

1948-இல் பிரித்தானியர் கைமாற்றிவிட்டுப் போனது ஒரே மையத்தில் அதிகாரம் குவிந்த ஓர் அரசு. 1956-இல் தனிச் சிங்களச் சட்டம், 1957-இல் கையெழுத்தாகிக் கிழித்தெறியப்பட்ட பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை, 1976-இல் தனித் தமிழீழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1983 ஜூலைப் படுகொலைகள் என்று அடுத்தடுத்து நடந்தவை தமிழ் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. இங்கே முக்கியமானது 1983-க்குப் பின் இந்தியா எடுத்த முடிவு. அதன் உளவு அமைப்பான ரா, தமிழ் இயக்கங்களுக்கு இந்திய மண்ணில் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. ஒரே இயக்கத்துக்குக் கொடுக்கவில்லை, பல இயக்கங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. எவரும் கைமீறிப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. 1986-இல் புலிகள் டெலோ இயக்கத்தை ஆயுதத்தால் அழித்தபோதே அந்தக் கணக்கு பொய்த்துவிட்டது. ஆக, 1987-இல் ஆயுதம் கேட்டு வந்த நாடு, அதே கைகளுக்கு ஆயுதம் கொடுத்த நாடு. யார் எங்கே என்ன புதைத்து வைத்திருக்கிறார்கள் என்பது ராவுக்கு ஓரளவு தெரியும். களத்துக்குப் போன காலாட்படைக்கு அது எதுவும் தெரியாது.

1987 மே 26 அன்று இலங்கை ராணுவம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிக்குள் நுழைந்தது. அடுத்தது யாழ் நகரம்தான் என்று எல்லோரும் அஞ்சினார்கள். ஜூன் 3-ஆம் தேதி நிவாரணப் பொருட்களோடு புறப்பட்ட இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து ஆன்-32 விமானங்கள், மிராஜ் 2000 போர் விமானங்களின் காவலோடு வந்து யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருட்களைப் போட்டன. யாழ்ப்பாணத்துச் சனம் வீதிக்கு வந்து கையசைத்தது. கொழும்புக்கோ அது இறையாண்மை மீறல். இந்த இரண்டு உணர்வும் கடைசிவரை மாறாது என்று டெல்லி நினைத்துக்கொண்டது. இரண்டாவது மட்டுமே மாறாமல் நின்றது.

எழுத்தில் என்ன இருந்தது

ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தால் சிக்கல் பிடிபடும். 2.9 பிரிவின்படி, கையெழுத்தான 48 மணி நேரத்தில் போர் நிறுத்தம். அதிலிருந்து 72 மணி நேரத்தில் இயக்கங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். அதே 72 மணி நேரத்தில் இலங்கைப் படைகள் 1987 மே 25 அன்று எந்த முகாம்களில் இருந்தனவோ அங்கே திரும்பிப் போக வேண்டும். வடமராட்சித் தாக்குதலுக்கு முந்தைய நாள் அது. ஆயுதங்களை யாரிடம் ஒப்படைப்பது? இலங்கை அரசு நியமிக்கும் அதிகாரிகளிடம். நான்கு ஆண்டு எதிர்த்துச் சண்டையிட்ட அரசின் கையில் கொடு என்பது நிபந்தனை.

2.14 பிரிவில் இந்தியா இந்தத் தீர்வுக்கு உத்தரவாதம் அளிப்பதாகச் சொன்னது. 2.16 பிரிவின் 'சி' உட்பிரிவு, இலங்கை அரசு கேட்டால் ராணுவ உதவி அளிக்கும் என்றது. இணைப்பில் ஒரு வரி: போர் நிறுத்தத்தை உறுதிசெய்யவும் நடைமுறைப்படுத்தவும், தேவைப்பட்டால், இலங்கை ஜனாதிபதி ஓர் இந்திய அமைதி காக்கும் பிரிவை அழைக்கலாம். படையின் சட்ட அடித்தளம் முழுவதும் இந்த வரிக்குள் அடங்கிவிட்டது. அழைப்பவர் ஜனாதிபதி என்றால் போகச் சொல்லும் உரிமையும் அவருக்குத்தான். 'உறுதிசெய்தல்' என்பதும் 'நடைமுறைப்படுத்துதல்' என்பதும் ஒரே மூச்சில் எழுதப்பட்டன. முதலாவது ஒரு காவல்காரன் வேலை, இரண்டாவது ஒரு படை வேலை. எந்தக் கட்டத்தில் முதலாவது இரண்டாவதாக மாறும், அதை யார் தீர்மானிப்பார், துப்பாக்கிச் சூட்டு விதிகள் என்ன என்று ஒப்பந்தத்தில் ஒரு சொல் இல்லை.

ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் கடிதங்களையும் பரிமாறிக்கொண்டார்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டுக்கும் கொடுக்கக் கூடாது, எண்ணெய்க் குதங்களைக் கூட்டாகச் சீரமைக்க வேண்டும், வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகளை மறுபரிசீலிக்க வேண்டும் என்பவை அவற்றில் இருந்தன. டெல்லிக்கு இருந்த அவசரத்தில் பெரும்பங்கு இதுதான். தமிழர் பிரச்சினையின் தீர்வும் இந்தியாவின் பிராந்தியக் கவலைகளும் ஒரே உறைக்குள் போடப்பட்டன. பிறகு ஒன்று ஆட்டம் கண்டபோது மற்றதைக் காப்பாற்ற வேண்டும் என்ற நெருக்கடி, படையைக் களத்தில் பிடித்து வைத்தது.

எழுபத்திரண்டு மணி நேரம்

பிரபாகரன் ஜூலை 24 அன்று சுதுமலையிலிருந்து ஹெலிகாப்டரில் அழைத்துச் செல்லப்பட்டு, டெல்லியில் ஒரு விடுதியில் வைக்கப்பட்டார். அங்கே அவருக்கு ஒப்பந்தத்தின் சாரம் சொல்லப்பட்டது. ஒப்புதல் பெறப்பட்டதாக டெல்லி எடுத்துக்கொண்டது. நெருக்கடியில் தள்ளப்பட்டோம் என்பது புலிகளின் நிலை. ஆகஸ்ட் 4 அன்று அதே சுதுமலையில் பெருங்கூட்டத்தின் முன் அவர் பேசிய உரையில், ஆயுதத்தை இந்தியாவிடம் கொடுக்கிறோம், எம் மக்களின் பாதுகாப்புப் பொறுப்பையும் இந்தியாவிடம் கொடுக்கிறோம் என்றார். இந்த ஒப்பந்தம் தமிழர் சிக்கலைத் தீர்க்கும் என்று நம்பவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். கவனமாகக் கேட்டவர்களுக்கு அதுவே எச்சரிக்கை.

மறுநாள் பலாலி விமானத் தளத்தில் ஒரு மேசை போடப்பட்டது. புலிகளின் சார்பில் யோகி ஒரு கைத்துப்பாக்கியை அதன்மேல் வைத்தார். இலங்கைப் பாதுகாப்புச் செயலாளர் அதைப் பெற்றுக்கொண்டார். புகைப்படம் எடுக்கப்பட்டது. அடுத்த நாட்களில் லாரிகளில் ஆயுதங்கள் வந்தன. வந்தவற்றில் பழையவை, பழுதானவை அதிகம். எத்தனை வர வேண்டும் என்ற பட்டியல் யார் கையிலும் இல்லாததால், எத்தனை வரவில்லை என்று சொல்ல ஆள் இல்லை.

ஆயுதக் களைவு என்பது நம்பிக்கையை மட்டும் வைத்து நடக்கும் வேலை அல்ல, அதற்கென்று ஒரு கிரமம் உண்டு. முதலில் ஆட்களைக் குறிப்பிட்ட முகாம்களில் கூட்ட வேண்டும். பெயரும் ஆயுத எண்ணும் பதிவாக வேண்டும். ஒப்படைத்தவரின் உயிருக்குப் பாதுகாப்பும் பிழைக்க ஒரு வழியும் கையில் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பின் ஆயுதமும் அதே வேகத்தில் பின்வாங்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் சோதிக்க இருதரப்பும் ஏற்ற ஒரு குழு வேண்டும். இவற்றில் எதற்கும் 72 மணி நேரம் போதாது, மாதங்கள் வேண்டும். இங்கே முதல் அடியே வைக்கப்படவில்லை. ஆயுதத்தைக் கொடுத்த இயக்கத்தை, கொடுக்காத இயக்கம் வேட்டையாடும் என்ற பயமும் வெறும் கற்பனையாக இருக்கவில்லை. செப்டம்பரில் கிழக்கில் புலிகள் மாற்று இயக்கத்தவர்கள் பலரைக் கொன்றார்கள். மறுபக்கம் ரா, மாற்று இயக்கங்களுக்கு மீண்டும் ஆயுதம் கொடுக்கிறது என்று புலிகள் குற்றம் சாட்டினார்கள். ஈபிஆர்எல்எஃப், டெலோ, ஈஎன்டிஎல்எஃப் என்ற மாற்று இயக்கங்கள் மூன்றும் பின்னாளில் 'திரீ ஸ்டார்' என்ற பெயரில் அமைதிப்படையோடு சேர்ந்து இயங்கியபோது அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் தேட வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 15 அன்று நல்லூரில் புலிகளின் அரசியல் பொறுப்பாளர் திலீபன் ஐந்து கோரிக்கைகளோடு உண்ணாவிரதம் இருந்தார், ஒரு சொட்டு நீரும் அருந்தாமல். சிங்களக் குடியேற்றம் நிற்க வேண்டும், பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதிகள் விடுதலையாக வேண்டும், புதிய போலீஸ் நிலையங்கள் திறக்கக் கூடாது, ஊர்காவல் படையின் ஆயுதங்கள் களையப்பட வேண்டும் என்பன போன்றவை அவை. பெரும்பாலானவை ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தோடு ஒத்துப்போகக்கூடியவை. கேட்கப்பட்டது இந்தியாவிடம், செய்யும் அதிகாரம் கொழும்பிடம். உத்தரவாதம் கொடுத்தவருக்கு நிறைவேற்றும் அதிகாரம் இல்லை என்பது அந்தப் பந்தலில் நாளுக்கு நாள் எல்லோர் கண் முன்னும் தெரிந்தது. 26-ஆம் தேதி திலீபன் இறந்தார். ஜூனில் கையசைத்த சனம் அன்று அழுதுகொண்டு நின்றது.

பதினேழு பேர்

அக்டோபர் 3 அதிகாலையில் பருத்தித்துறைக் கடலில் இலங்கைக் கடற்படை ஒரு படகை மறித்து, தளபதிகளான குமரப்பா, புலேந்திரன் உட்பட 17 புலிகளைப் பிடித்தது. பலாலியில் வைக்கப்பட்டார்கள். அவர்களைக் கொழும்புக்குக் கொண்டு போய் விசாரிக்க வேண்டும் என்று இலங்கைப் பாதுகாப்புத் தரப்பு பிடிவாதமாக நின்றது. ஒப்பந்தப்படி கொடுத்த பொதுமன்னிப்புக்குப் பின் ஆயுதத்தோடு பிடிபட்டதால் மன்னிப்பு பொருந்தாது என்பது அவர்களின் வாதம். தங்கள் பாதுகாப்பில் இருக்கும் தளத்திலிருந்து அவர்களை அனுப்பக் கூடாது என்று இந்தியத் தளபதிகள் கேட்டார்கள். பலாலி, கொழும்பிலிருந்த இந்தியத் தூதரகம், டெல்லி என்று மூன்று இடங்களுக்கிடையில் இரண்டு நாள் பேச்சு ஓடியது. இந்தியக் காவலர்கள் விலக்கப்பட்டார்கள். ஏற்றிச் செல்ல முயன்ற அக்டோபர் 5 மாலை, 17 பேரும் சயனைட் குப்பியைக் கடித்தார்கள். 12 பேர் இறந்தார்கள்.

எந்த அமைதி காப்பு நடவடிக்கையிலும் கைதிகளின் பொறுப்பு யாருடையது என்பது முதல் நாளே எழுதிவைக்க வேண்டிய விஷயம். இங்கே எழுதப்படவில்லை. அதனால் ஒரு தளத்தில் இரண்டு ராணுவங்கள் ஒரே கைதிகளைச் சுற்றி நின்றன. புலிகள் அன்றிரவே ஒப்பந்தத்தைக் கைகழுவினார்கள். தங்கள் பிடியில் இருந்த இலங்கைச் சிப்பாய்களைக் கொன்றார்கள். கிழக்கில் சிங்களக் குடிமக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, பெருமளவில் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளுக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கொழும்பு டெல்லியைப் பார்த்து, உங்கள் உத்தரவாதம் எங்கே என்று கேட்டது. அக்டோபர் 10 அன்று, யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றும் 'ஆபரேஷன் பவன்' தொடங்கியது.

இந்த இடத்தில் நிறுத்திக் கவனிக்க வேண்டும். வந்தது 54-ஆவது காலாட்படை டிவிஷன், தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங். அமைதிக் காலத் தளங்களிலிருந்து அவசரமாகப் புறப்பட்டதால் பல பட்டாலியன்கள் முழு எண்ணிக்கையில் இல்லை. கையில் இருந்தவை பழைய வரைபடங்கள். தமிழ் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. இவ்வளவும் சகித்துக்கொள்ளக்கூடிய குறைகள்தாம், வேலை சாலையில் நின்று காவல் பார்ப்பதாக இருந்தால். அந்த ஆட்களை, அந்த வரைபடத்தோடு, ஒரு நகரத்தைக் கைப்பற்று என்று அனுப்ப எடுத்துக்கொண்ட அவகாசம் ஐந்து நாட்கள்.

மைதானம்

திட்டம் இது. அக்டோபர் 11 நள்ளிரவுக்குப் பின், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்க வேண்டும். அருகே கொக்குவில் பக்கம் புலிகளின் தலைமையகம் இருந்தது. பிரபாகரனையும் மற்றத் தலைவர்களையும் பிடித்துவிட்டால் சண்டை ஒரே இரவில் முடியும். 10 பாரா கமாண்டோவிலிருந்து 120 பேர் முதலில் இறங்கி இடத்தைப் பிடிப்பார்கள். பின்னால் 13-ஆவது சீக் லைட் இன்ஃபன்ட்ரியின் 360 பேர் வந்து சேர்வார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மி-8 ஹெலிகாப்டர் ஒன்றில் ஆயுதத்தோடு சுமார் 20 பேர் ஏறலாம். 480 பேருக்கு 24 நடை. கையில் இருந்தவை நான்கு ஹெலிகாப்டர்கள். அப்படியானால் நான்கும் ஆறு முறை போய் வர வேண்டும், அதே மைதானத்துக்கு, அதே வான்வழியில். முதல் நடையில் எதிரி தூங்கிக்கொண்டிருந்தாலும் இரண்டாவது நடையில் விழித்துவிடுவான். உண்மையில் எதிரி முதலிலேயே விழித்திருந்தான். புலிகள் இந்திய வானொலித் தொடர்பை ஒட்டுக்கேட்டு, மைதானத்தைச் சுற்றியிருந்த கட்டடங்களில் இயந்திரத் துப்பாக்கிகளோடு காத்திருந்தார்கள். நகரின் நடுவே, மாடிக் கட்டடங்கள் சூழ்ந்த திறந்தவெளியில் இருட்டில் இறங்கும் ஹெலிகாப்டருக்கு ஒளிவிடம் எதுவும் இல்லை.

103 கமாண்டோக்கள் இறங்கிவிட்டார்கள். சீக் படையில் 30 பேர் இறங்கினார்கள். குண்டடி பட்ட ஹெலிகாப்டர்கள் திரும்பியதும் மிச்ச நடைகள் நிறுத்தப்பட்டன. 360 பேருக்காகப் போட்ட திட்டத்தில் மைதானத்தில் நின்றது 30 பேர். கமாண்டோக்கள் இலக்கைத் தேடி அக்கம்பக்கத்து வீட்டு வளவுகளுக்குள் போய்விட்டார்கள். மைதானத்து 30 பேரும் விடியும்வரை சுற்றி வளைக்கப்பட்டு, விடிந்த பிறகும் சுட்டுச் சுட்டு, தோட்டா தீரும்வரை நின்றார்கள். 29 பேர் செத்தார்கள். ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார், பின்னர் விடுவிக்கப்பட்டார். அவர் வந்து சொன்ன பிறகே அந்த 29 பேர் எப்படிச் செத்தார்கள் என்பது அவர்களின் பட்டாலியனுக்குத் தெரிந்தது.

கமாண்டோக்கள் வீடுகளுக்குள் அரண் பிடித்து ஒரு பகலைத் தாண்டினார்கள். ஆறு பேரை இழந்தார்கள். அவர்களை மீட்கப் போன டி-72 டாங்கிகள் சாலையைத் தவிர்த்தன. சாலை முழுக்கக் கண்ணிவெடி. காங்கேசன்துறை ரயில் பாதை பல்கலைக்கழகத்துக்கு அருகே, கொக்குவில், கோண்டாவில் வழியாகப் போகிறது. டாங்கிகள் தண்டவாளத்தின் மேலேயே ஏறிப் போயின. இந்த நடவடிக்கை முழுவதிலும் களத்தை நேராகப் பார்த்து எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று அது. அதை எடுத்தது ஒரு மேஜர், தலைமையகம் அல்ல.

ஒழுங்கைகள்

பலாலியிலிருந்து யாழ் நகரம் 20 கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பிரதான சாலையை விட்டு இறங்கினால் ஒழுங்கை, அதாவது குறுகிய சந்து. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கிடுகு வேலி அல்லது மதில். வேலிக்கு அப்பால் வளவு, கிணறு, வாழை, பின்னால் இன்னொரு ஒழுங்கை. பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்கு வேலிப் பொட்டு வழியாகப் போகும் வழி அந்த ஊர்ப் பையனுக்குத் தெரியும், பஞ்சாபிலிருந்தோ மராட்டியத்திலிருந்தோ வந்த சிப்பாய்க்குத் தெரியாது.

சிப்பாய் கையில் இருந்தது 7.62 மில்லிமீட்டர் எஸ்எல்ஆர் துப்பாக்கி. நீளம் ஒரு மீட்டருக்கு மேல், எடை நான்கு கிலோவுக்கு மேல், 20 தோட்டா, ஒரு விசைக்கு ஒரு குண்டு. எல்லைப் போரில், தூரத்து இலக்கைச் சுட உகந்தது. எதிரே இருந்தவனிடம் 30 தோட்டாவோடு தொடர்ந்து சுடும் ஏ.கே. 47. வேலி மூலையில் இரண்டு பேரும் நேருக்கு நேர் வந்தால் நீளமான துப்பாக்கியைத் திருப்புவதற்குள் சண்டை முடிந்துவிடும். பின்னாட்களில் ஏ.கே. ரகத் துப்பாக்கிகள் வாங்கிக் கொடுக்கப்பட்டன. தொடக்கத்தில் அவை இல்லை. சாலைகளில் மதகுகளின் கீழ் பெரிய வெடிகள், தொலைவிலிருந்து கம்பி வழியாக இயக்கப்படுபவை. அதிகாரிகளைத் தேடிச் சுடும் குறிசூட்டாளர்கள் பனை வடலிகளிலும் மாடிகளிலும் இருந்தார்கள். தோளில் பட்டையும் பக்கத்தில் வானொலிக்காரனும் இருந்தால் அவர் அதிகாரி என்று தெரிந்துவிடும். முதல் மூன்று வாரத்தில் 200-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் செத்தார்கள், அதில் அதிகாரிகளின் விகிதம் வழக்கத்துக்கு மீறியது. நவம்பர் 25 அன்று கந்தரோடையில் பதுங்கித் தாக்குதலுக்குள் சிக்கி உயிரிழந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், இந்த நடவடிக்கையில் இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கள வீர விருதான பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர்.

தொடக்கத்தில் பீரங்கிக்கும் விமானத் தாக்குதலுக்கும் கட்டுப்பாடு இருந்தது. இழப்பு ஏற ஏற அது தளர்ந்தது. நகரம் காலியாக இருக்கவில்லை. சனம் நல்லூர்க் கோயிலிலும் கல்லூரிகளிலும் தஞ்சம் புகுந்திருந்தது. கொக்குவில் இந்துக் கல்லூரி அகதி முகாமில் எறிகணைகள் விழுந்து உள்ளே இருந்தவர்கள் செத்தார்கள். அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ் பொது மருத்துவமனைக்குள் படை நுழைந்தது. இரண்டு நாளில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 21 பேர் மருத்துவர்கள், தாதிகள், ஊழியர்கள். மறுநாள் காலை கையை உயர்த்திக்கொண்டு, மருத்துவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு மூத்த மருத்துவரும் சுடப்பட்டார். புலிகள் அங்கிருந்து சுட்டார்கள், இடையில் சிக்கியவர்கள் செத்தார்கள் என்பது இந்தியத் தரப்பு விளக்கம். தப்பிய ஊழியர்களின் சாட்சியம் வேறு. படை நுழைந்தபோது புலிகள் வெளியேறிவிட்டார்கள் என்கிறது. சுதந்திரமான விசாரணை நடக்கவும் இல்லை, யாரும் பொறுப்பேற்கவும் இல்லை. அந்த ஒரு நாள் இந்தியாவின் மேல் யாழ்ப்பாணம் வைத்திருந்த மிச்ச நம்பிக்கையையும் துடைத்தெறிந்தது.

இதில் வேதனையான ஒரு தேதி உண்டு. ஒப்பந்தத்தின் பலனாக வந்த, மாகாண சபைகளை உருவாக்கிய 13-ஆவது சட்டத்திருத்தம் 1987 நவம்பர் 14 அன்று சட்டமானது. அதைப் பெற்றுத்தரத்தான் படை வந்தது. அது சட்டமான நாளில் அந்தப் படை அந்தச் சட்டத்துக்குரிய மக்களின் ஊர்களில் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தது.

சுற்றிவளைப்பு

அக்டோபர் இறுதியில் நகரம் கைக்கு வந்தது. புலிகள் வன்னிக்காட்டுக்குப் போனார்கள். அமைதிப்படை வளர்ந்தது. 36, 57, 4 ஆகிய டிவிஷன்கள் சேர்ந்து உச்சத்தில் 70,000-க்கும் மேல். நகரங்களையும் சாலைகளையும் பிடித்து வைத்திருக்க ஆள் போதும். சண்டையிடுபவனையும் சாதாரணப் பையனையும் பிரித்தறிய ஆள் எண்ணிக்கை உதவாது. அதற்கு அவர்கள் பயன்படுத்திய வழி சுற்றிவளைப்பு.

விடிவதற்கு முன் ஊரைச் சுற்றிப் படை நிற்கும். ஒலிபெருக்கியில், பெரும்பாலும் உடைந்த தமிழில், ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொல்வார்கள். வீடுகளில் சோதனை நடக்கும். மைதானத்தில் வெயிலில் குந்தவைப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக ஒரு ஜீப்பின் முன் நடக்க வேண்டும். உள்ளே சாக்கால் முகத்தை மூடிய ஒருவன், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் பேசமாட்டான். தலை ஆட்டினால் ஆள் தனியாகப் போவான். தலை ஆட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். சனம் அவனுக்கு வைத்த பெயர் 'தலையாட்டி'.

அந்தத் தலையாட்டி யார்? அடித்து வழிக்குக் கொண்டுவரப்பட்ட முன்னாள் புலி, அல்லது மாற்று இயக்கத்தவன். முதலாமவன் தன் உயிருக்காக யாரையாவது காட்ட வேண்டும். இரண்டாமவனுக்குப் பழைய கணக்குகள் இருந்தன. அவன் சொல்வதைச் சரிபார்க்கும் வழி, தமிழ் தெரியாத, ஊர் தெரியாத படைக்கு இல்லை. காட்டப்பட்டவன் முகாமில் அடிபட்டு இரண்டு வாரத்தில் வெளியே வருவான். சுற்றிவளைப்புக்கு முன்பு இயக்கத்தில் இல்லாத சிலர் அதற்குப் பின்பு இயக்கத்தில் இருந்தார்கள். உளவு பார்க்கும் வழியாக நினைத்த ஒன்று, எதிரிக்கு ஆள் சேர்க்கும் வழியாக வேலை செய்தது. தலையாட்டியைக் காட்டிக்கொடுத்தவன் என்று புலிகள் சுட்டு விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். இரண்டு பக்கமும் ஊர்ப் பையன்கள்.

1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் புலிகளின் தாக்குதலில் சிப்பாய்கள் இறந்த பின், படை பழிதீர்க்க இறங்கி ஐம்பதுக்கும் மேற்பட்ட குடிமக்களைக் கொன்றது. வீடுகள் எரிந்தன. பெண்கள் மேல் நடந்த வன்முறைகள் குறித்த சாட்சியங்களும் குடாநாட்டில் ஏராளம். பெரும்பாலான சிப்பாய்கள் அப்படி நடக்கவில்லை என்பது உண்மை. நடந்தவற்றை வெளிப்படையாக விசாரிக்கும் ஏற்பாடு இருக்கவில்லை என்பதும் உண்மை.

வீட்டுக்காரர் கதவைக் காட்டினார்

1988 நவம்பர் 19 அன்று இணைந்த வடகிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. புலிகள் புறக்கணித்தார்கள். வடக்கில் போட்டியே இல்லை. ஈபிஆர்எல்எஃப் தலைவர்களில் ஒருவரான வரதராஜப் பெருமாள் முதல்வரானார். சபை இயங்க நிதியும் அதிகாரமும் கொழும்பிலிருந்து வர வேண்டும், வரவில்லை. படை போன பின் சபையைக் காக்க ஓர் ஆயுதப் படை வேண்டும் என்று 'தமிழ் தேசிய ராணுவம்' தொடங்கப்பட்டது. பள்ளிக்கூடப் பையன்களையும் பேருந்தில் போனவர்களையும் பிடித்து இழுத்து வந்து, தலைமுடியை வெட்டி, சில வாரப் பயிற்சி கொடுத்துத் துப்பாக்கி கொடுத்தார்கள். 1989 இறுதியில் அமைதிப்படை பின்வாங்கிய இடங்களில் எல்லாம் புலிகள் அந்த முகாம்களை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கினார்கள். இந்தியா கொடுத்த துப்பாக்கிகள் புலிகளின் கைக்குப் போயின. பையன்கள் பலர் கொல்லப்பட்டார்கள். இந்த நடவடிக்கையில் தவிர்த்திருக்கக்கூடிய உயிரிழப்புகளில் எனக்கு மிகவும் மன்னிக்க முடியாததாகத் தெரிவது இதுதான்.

தெற்கில் சிங்கள இடதுசாரி இயக்கமான ஜேவிபி, இந்தியப் படையைக் காட்டியே இளைஞர்களைத் திரட்டி ஆயுதம் எடுத்திருந்தது. 1989 ஜனவரியில் ஜனாதிபதியான ரணசிங்க பிரேமதாச, படையை வெளியேற்றுவதாகச் சொல்லியே வந்தவர். ஜூன் 1 அன்று, ஒப்பந்தத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவான ஜூலை 29-க்குள் போய்விட வேண்டும் என்று பகிரங்கமாக அறிவித்தார். ஏற்கெனவே மே மாதமே புலிகளோடு கொழும்பில் பேச்சைத் தொடங்கியிருந்தார், அவர்களுக்கு ஆயுதமும் கொடுத்தார். இலங்கை அரசு அழைத்து வந்த படையை, இலங்கை அரசு கொடுத்த ஆயுதத்தால் புலிகள் சுட்டார்கள். அழைப்பின்பேரில் வந்த படைக்கு எதிர்த்துப் பேசச் சட்டத்தில் இடம் இல்லை. இணைப்பில் இருந்த அந்த ஒற்றை வரி இப்போது மறுபக்கம் திரும்பியது. டெல்லியிலும் அரசு மாறி, வி.பி. சிங் பிரதமரானார். சென்னைத் துறைமுகத்தில் திரும்பி வந்த படைக்கு அளித்த வரவேற்புக்கு முதல்வர் மு. கருணாநிதி போகவில்லை. செத்த சிப்பாய்களின் குடும்பங்களுக்கு அது வலித்தது. ஈழத்தில் செத்தவர்களை நினைத்தவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது.

1990 ஜூன் 11 அன்று புலிகள் கிழக்கில் போலீஸ் நிலையங்களைச் சூழ்ந்து, சரணடைந்த நூற்றுக்கணக்கான போலீஸாரைக் கொன்றார்கள். இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. எட்டு நாளில் ஈபிஆர்எல்எஃப் செயலாளர் பத்மநாபா சென்னைக் கோடம்பாக்கத்தில் தோழர்களோடு கொல்லப்பட்டார். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி. 1993 மே தினத்தில் கொழும்பில் பிரேமதாச.

வடக்கோடு சேர்ந்திருப்பதா என்பதைத் தீர்மானிக்க ஒப்பந்தம் கேட்ட கிழக்கு மாகாண வாக்கெடுப்பு 1988 டிசம்பர் 31-க்குள் நடக்க வேண்டும். ஆண்டுதோறும் தள்ளிப்போடப்பட்டு, நடக்கவே இல்லை. வடக்கு–கிழக்கு இணைப்பை 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 13-ஆவது திருத்தம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதிலுள்ள காணி, போலீஸ் அதிகாரங்கள் இன்றும் மாகாணங்களின் கைக்கு வரவில்லை.